நின்றுபோன பேக்கப் பணி: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

இரவில் தொடங்கிய பேக்கப் காலையிலும் 'ஆக்டிவ்' என்றே காட்டினால், பலர் முதலில் டைம்அவுட் மதிப்பை (பதிலுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பை) கூட்டுகிறார்கள் அல்லது பணியைக் கேன்சல் செய்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரப்பட்டுச் செய்வது. கேன்சல் செய்த கணமே, எந்தப் புராசஸ் எதற்காகக் காத்திருந்தது என்ற தடயம் போய்விடும்.

நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பணிகளைக் காட்டும் அதன் ஆக்டிவிட்டி மானிட்டரில் பணியின் விவரத்தைத் திறந்து, எழுதப்பட்ட கிலோபைட் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் பணி மெதுவாக ஓடுகிறது, நிற்கவில்லை. அப்போது மீடியா சர்வரில் (தரவை வாங்கி ஸ்டோரேஜில் எழுதும் சர்வர்), எழுதும் புராசஸான பிபிடிஎம்மின் லாக்கில், பஃபருக்காக (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) காத்திருந்த எண்ணிக்கையைத் தேடுங்கள். நிரம்பிய பஃபருக்காகப் பல முறை காத்திருந்தால், தரவு வந்து சேரவில்லை என்று பொருள். கிளையன்ட்டின், அதாவது பேக்கப் எடுக்கப்படும் கணினியின், டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் பார்க்க வேண்டும். காலி பஃபருக்காகக் காத்திருந்தால், எழுதும் பக்கம்தான், அதாவது டேப்போ டிஸ்க் ஸ்டோரேஜோதான் பின்தங்குகிறது.

எண் அசையாமலே இருந்து, பணி 13 (கோப்பைப் படிக்க முடியவில்லை) அல்லது 41 (நெட்வொர்க் இணைப்பு டைம்அவுட்) என்ற ஸ்டேட்டஸுடன் முடிந்தால், கடைசித் தரவு வந்த நேரத்துக்கும் பிழை வந்த நேரத்துக்கும் இடையிலான வினாடிகளைக் கணக்கிடுங்கள். அது 300 என்றால், கிளையன்ட்டிடமிருந்து தரவு வர மீடியா சர்வர் காத்திருக்கும் வரம்பான கிளையன்ட் ரீட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பே அதுதான். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள ஃபைல் சர்வரில், மாறியவற்றை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டல் பேக்கப் ஓடும்போது, மாறிய கோப்பைத் தேடிக் கிளையன்ட் அடைவு அடைவாக நடந்துகொண்டிருக்கும். அனுப்ப எதுவும் கிடைக்காத அந்த ஐந்து நிமிட மௌனத்தை மீடியா சர்வர் மரணம் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே மதிப்பைக் கூட்டுவது நியாயமே. ஆனால் கிளையன்ட்டில் அல்ல, மீடியா சர்வரில் கூட்ட வேண்டும். விண்டோஸ் கிளையன்ட் என்றால், மாறிய கோப்புகளின் பதிவைப் பயன்படுத்தித் தேடும் நேரத்தையே குறைக்கும் சேஞ்ச் ஜர்னல் வசதி அதைவிட நல்ல தீர்வு.

லினக்ஸ் கிளையன்ட்டில் வேறு எதையும் பார்க்கும் முன், டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' (df) கட்டளையைத் தட்டிப் பாருங்கள். அந்தக் கட்டளையே திரும்பி வராமல் நின்றால், எங்கோ ஒரு என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியே இணைத்த வேறொரு கணினியின் அடைவு) செத்துக் கிடக்கிறது. பேக்கப்பும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் சிக்கியிருக்கும். விண்டோஸில் ஸ்னாப்ஷாட் பிழை 156 வந்தால், விஎஸ்எஸ் ரைட்டர்களின் (ஸ்னாப்ஷாட்டுக்காகத் தங்கள் தரவைத் தயார்செய்யும் விண்டோஸ் கூறுகள்) பட்டியலில் எது தோல்வி நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் போதும்.

ஆளைச் சுற்றலில் விடுவது ஃபயர்வால். சிறிய பேக்கப்கள் எல்லாம் முடிந்து, நீண்டவை மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உடைந்தால் அதைச் சந்தேகியுங்கள். தரவு ஓடும் இணைப்பு சுறுசுறுப்பாக இருக்கும்போதே, கட்டளைகளுக்கான இணைப்பு வெகுநேரம் பேச்சின்றி இருக்கக்கூடும். பல ஃபயர்வால்கள் 3600 வினாடி சும்மா இருந்த இணைப்பைச் சொல்லாமல் அறுத்துவிடுகின்றன. லினக்ஸிலும் விண்டோஸிலும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 வினாடிக்குப் பிறகுதான் முதல் தட்டு தட்டும் என்பதால், அது வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். இரு முனைகளிலும் அதை 900 வினாடியாகக் குறைத்தால் போதும். இதற்காக ஃபயர்வால் குழுவிடம் விதிவிலக்கு கேட்டு நடக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு பணியை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், பாலிசியில் (பேக்கப் பணிக்கான அமைப்புகளின் தொகுப்பு) செக்பாயின்ட், அதாவது அதுவரை முடிந்ததை இடையிடையே குறித்துவைக்கும் வசதி, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'கேன்சல்' வேண்டாம், 'சஸ்பெண்ட்' கொடுங்கள். கோளாற்றைச் சரிசெய்த பின் 'ரெஸ்யூம்' கொடுத்தால், கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து பணி தொடரும்.