நெடுந்தூர சோலார் கார் பந்தயம்: மாணவர் அணிகள் சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் கிளம்பி, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகக் கண்டத்தை நெடுக்காகக் கடந்து, தெற்கே அடிலெய்டில் போய் முடிகிறது வேர்ல்ட் சோலார் சேலஞ்ச். தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். 1987-இல் நடந்த முதல் போட்டியில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர், சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி ஜெயித்தது. 2005-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய நூனா 3, சராசரியில் 100 கிலோமீட்டரையே தாண்டியது. அப்புறம் விதிகள் இறுகின. சிலிக்கான் பேனலின் அளவு ஆறு சதுர மீட்டரிலிருந்து 2017-இல் நான்கு சதுர மீட்டருக்கு வந்தது. அப்படியும் முன்னணிக் கார்கள் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்தான் ஓடின. 2025-இல் பேனலின் அளவு மறுபடி ஆறு சதுர மீட்டர் ஆனது.

இந்தப் போட்டிக்குப் புதிதாகத் தயாராகும் மாணவர்களோடு பேச உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் பேச்சு பேனலில் இருக்கும் சோலார் செல்லுக்கு வந்துவிடும். எந்த செல், எத்தனை சதவீதத் திறன், எங்கே வாங்குவது. அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கார் சாலையோரம் நின்றுபோகும் நிமிடங்களைப் பற்றி யாரும் அவ்வளவு ஆர்வமாகப் பேசுவதில்லை. நிறைய அணிகள் இடத்தை இழப்பது அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டும் நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை, ஒன்பது மணி நேரம். ஒரு பஞ்சரில் பத்து நிமிடம் போகிறது. அன்றைக்குத் திட்டமிட்ட தூரத்தை எட்ட, மீதி நேரம் முழுக்க சுமார் 2 சதவீதம் வேகமாக ஓட வேண்டும். காற்றைக் கிழித்துப் போக ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், அந்தச் செலவு 4 சதவீதம் ஏறும். 23 சதவீதத் திறனுள்ள செல்லை விட்டு 24 சதவீத செல்லுக்கு மாறினால் கிடைக்கும் லாபமும் ஏறக்குறைய அதே 4 சதவீதம்தான். பல மாதம் அலைந்து பணம் திரட்டி வாங்கிய நல்ல செல்லின் அன்றைய பலனில் பெரும்பங்கை ஒரே ஒரு பஞ்சர் தின்றுவிடும்.

கடைசி வாரத்தில் முடிந்த கார்

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். வடிவமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உடல்பாகத்துக்கான அச்சு தாமதமாகும், மோட்டார் கண்ட்ரோலர் தாமதமாகும், பேனல் ஒட்டுவது தள்ளிப்போகும். கடைசியில் கார் தன் சொந்தச் சக்கரத்தில் ஓடுவது கப்பலில் ஏற்றுவதற்குச் சில நாள் முன்புதான். பல்கலைக்கழக வளாகத்துக்குள் நான்கு சுற்று சுற்றிவிட்டு 'ஓடுது' என்று கைதட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுவார்கள்.

நான்கு சுற்றில் தெரியாத விஷயங்கள் ஐந்நூறாவது கிலோமீட்டரில் தெரியும். ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காரின் உடல் கார்பன் ஃபைபர். கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வயர் இழுக்கும்போது மறந்துவிடும். வயர் ஒரு துளை வழியாகப் போகிறது. துளையின் அறுத்த விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறது. அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வேலை பார்த்தவர் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கார் அதிர அதிர வயரின் உறை மெல்லத் தேய்கிறது. மூன்றாவது நாள் மின்கசிவு எச்சரிக்கை வந்து கார் தானாக அணைகிறது. இறங்கிச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ஏனென்றால் கார் நின்றபோது வயர் விளிம்பைத் தொடவில்லை. மறுபடி கிளம்பினால் இருபது நிமிடத்தில் மறுபடி அணைகிறது. இந்தக் கோளாறைப் பாலைவன வெயிலில் படுத்துக்கொண்டு தேடுவதும், வீட்டருகே ஒரு சோதனை ஓட்டத்தில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

ஆகவே வடிவமைப்பை நிறுத்த ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு எவ்வளவு அருமையான யோசனை வந்தாலும் அது அடுத்த காருக்கு. மிச்சமாகும் வாரங்களில் காரை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். காருக்கு முன்னும் பின்னும் துணைக்கு வரும் முன் வண்டி, பின் வண்டி, ரேடியோ, பஞ்சர் மாற்றும் ஆட்கள் எல்லோரோடும் முழு நாள் ஓட்டுங்கள். டயர் மாற்றுவதை நேரம் பிடித்துப் பழகுங்கள்.

சக்கரங்களின் நேர்க்கோட்டை, அதாவது அலைன்மெண்ட்டை, ஓட்டுநர் இல்லாமல் சரிபார்ப்பது இன்னொரு வழக்கமான பிழை. ஓட்டுநரும் எடைப்பையும் சேர்ந்து 80 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. 200 கிலோவுக்கும் குறைவான காரில் அந்த 80 கிலோ ஏறியதும் சஸ்பென்ஷன் இறங்கும், சக்கரத்தின் கோணம் மாறும். பட்டறையில் கச்சிதமாக இருந்த சக்கரம் சாலையில் கொஞ்சம் கோணலாக உரசிக்கொண்டே போகும். உருளும்போது ஏற்படும் தடை கூடும், மெல்லிய டயர் சீக்கிரம் தேயும், பஞ்சர் வரிசையாக வரும். அணியோ சாலையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும். ஆளை உட்கார வைத்து அளந்தால் தீர்ந்தது.

விதிப்புத்தகத்தை ஒருவரிடம் கொடுத்து அவர் படித்தால் போதும் என்று இருப்பதும் வேண்டாம். டார்வினில் பந்தயத்துக்கு முன் நடக்கும் தொழில்நுட்பச் சோதனையில் பிரேக், விளக்கு, ஓட்டுநரின் பார்வைக் கோணம், உதவியின்றி அவர் சில நொடிகளில் வெளியே வர முடிகிறதா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள் அறுப்பதிலும் ஒட்டுவதிலும் போய்விடும்.

வேகத்தோடு விளையாடுவது

நான்கு சதுர மீட்டர் பேனல், உச்சி வெயிலில், கிட்டத்தட்ட 1,000 வாட் தரும். ஒரு மின் இஸ்திரிப் பெட்டிக்குத் தேவையான அளவு. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நெடுஞ்சாலை வேகத்தில் கொண்டுபோக வேண்டும். இங்கே வேகத்தை ஏற்றி இறக்குவது பெரிய விரயம், ஏனென்றால் காற்றுத் தடைக்கு ஒவ்வொரு நொடியும் ஆகும் சக்தி வேகத்தின் கனத்தோடு (மும்மடிப் பெருக்கத்தோடு) கூடுகிறது. ஒரு மணி நேரம் 60-இலும் ஒரு மணி நேரம் 100-இலும் ஓட்டினால் 160 கிலோமீட்டர். இரண்டு மணி நேரமும் 80-இலேயே ஓட்டினாலும் 160 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் வழியில் காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றல் சுமார் 19 சதவீதம் அதிகம்.

இது எல்லா மாணவருக்கும் தெரிந்த பாடம். ஆனாலும் முன்னால் இன்னொரு அணியின் கார் தெரிந்ததும் மனம் கேட்பதில்லை. துரத்துகிறார்கள், முந்துகிறார்கள், முந்தியதைத் தக்கவைக்க இன்னும் அழுத்துகிறார்கள். மதியம் மூன்று மணிக்கு பேட்டரி இறங்கிப்போய், காலையில் பின்தள்ளிய காரே நிதானமாகத் தாண்டிப் போகும். அந்த நாளுக்கான வேகத்தைக் கணக்குப் போடுபவர் பின்வண்டியில் இருக்கிறார். ஓட்டுநர் அவர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். முந்துவது அவசியம் என்றால் அதையும் பின்வண்டிதான் முடிவு செய்ய வேண்டும்.

மேகம் வந்ததும் பயந்து வேகத்தைக் குறைப்பதும் இதே வகைதான். பேட்டரி இருப்பதே அந்த நேரத்துக்காக. சின்ன மேகத்திட்டு என்றால் அதன் அடியில் ஊர்ந்துகொண்டிருக்காமல் அதே வேகத்தில், முடிந்தால் சற்றுக் கூடுதலாகவே, வெயிலுக்கு வெளியேறிவிடுவது நல்லது. நாள் முழுக்க மூடியிருக்கும் வானம் வேறு கதை. அதற்கு முந்தைய நாளே வேகத்தைத் திருத்தியிருக்க வேண்டும்.

பேட்டரி மீட்டரை அப்படியே நம்புவதால் வரும் சங்கடம் பலருக்குக் கடைசி நாள்தான் புரியும். மின்னோட்டத்தை அளக்கும் சென்சாரில் 0.2 ஆம்பியர் பிழை என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றுமில்லை. ஒன்பது மணி நேரத்தில் அது 1.8 ஆம்பியர்-மணி ஆகிவிடும். 100 வோல்ட் பேட்டரியில் 180 வாட்-மணி, நல்ல காருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கான ஆற்றல். ஐந்து நாள் திருத்தாமல் விட்டால் ஐந்து மடங்கு. வோல்ட்டேஜைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால், லித்தியம் பேட்டரியின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் மெதுவாகத்தான் இறங்கும், கடைசியில்தான் சட்டென்று விழும். கிளம்பும் முன் மின்னோட்டம் இல்லாத நிலையில் சென்சார் பூஜ்யம் காட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். பேட்டரியின் பல செல்களில் ஒன்று பலவீனமாக இருந்தாலும், பாதுகாப்பு மின்சுற்று அந்த ஒன்றுக்காக மொத்தக் காரையும் நிறுத்தும் என்பதையும் மனதில் வையுங்கள். எந்த செல் முதலில் இறங்குகிறது என்று பெயர் சொல்லும் அளவுக்கு அணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிழலும் பூச்சியும்

பேனலில் செல்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. வரிசையில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மின்னோட்டம் அதன் அளவுக்குக் குறையும். மின்னோட்டத்துக்கு மாற்று வழி விடும் பைபாஸ் டயோடு இருந்தால் அந்தப் பகுதி விலக்கப்பட்டு மற்றவை தப்பிக்கும். தெற்கு நோக்கிப் போகும் இந்தப் பாதையில் காலை வெயில் இடப்பக்கமிருந்தும் மாலை வெயில் வலப்பக்கமிருந்தும் வரும். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூட்டின் நிழல் காலையில் வலப்புறச் செல்களிலும் மாலையில் இடப்புறச் செல்களிலும் விழும். நிழல் எங்கே நகரும் என்று வரைந்து பார்த்து, அதற்கேற்ப வரிசைகளைப் பிரிக்காத அணி தினமும் வாட்டுகளை இழக்கிறது. ரேடியோ ஆன்டெனாவைப் பேனல் நடுவே நட்டுவிட்டு, அதன் ஒல்லி நிழல் என்ன செய்துவிடும் என்று இருப்பவர்களும் உண்டு. தூசியும் பூச்சியும் வேறு. கட்டாயமாக 30 நிமிடம் நிற்கும் கண்ட்ரோல் ஸ்டாப்பில் மென்மையான துணியோடு ஒருவர் தயாராக இருக்கட்டும்.

காற்றும் தீயும்

2019 போட்டியை நினைத்தால் இன்றும் மனம் பதறும். முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் காரை பலத்த காற்று சாலையிலிருந்து தூக்கித் தள்ளியது. அதன்பின் முன்னிலைக்கு வந்த டெல்ஃப்ட் கார் கடைசி நாளில் தீப்பிடித்து எரிந்தது. இரண்டிலும் ஓட்டுநர்கள் உயிரோடு தப்பினார்கள். பெல்ஜியத்தின் லுவென் அணி கோப்பையை வென்றது.

அவ்வளவு அனுபவமுள்ள அணிகளுக்கே இது நடக்கும் என்றால், பக்கக்காற்றைக் காகிதத்தில் மட்டும் பார்த்துவிட்டு வருவது எப்படிச் சரியாகும்? இலேசான, அகன்ற, இறக்கை மாதிரியான உடல் பக்கவாட்டுக் காற்றில் தூக்கு விசை பெறும். எதிரே 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரி வரும்போது காற்று முதலில் ஒரு பக்கம் தள்ளும், தாண்டியதும் மறுபக்கம் இழுக்கும். ஓட்டுநருக்கு முன்கூட்டிச் சொல்ல முன்வண்டி இருக்கிறது. "ரோடு ட்ரெயின், ஒரு நிமிடம்" என்றால் போதும். காற்று எந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பது, எந்த அளவில் நிறுத்துவது என்பதைச் சாலையில் நின்று விவாதிக்கக் கூடாது. டார்வினிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். தீ என்றால் யார் ஓட்டுநரை இறக்குவது, யார் அணைப்பானை எடுப்பது, மற்றவர்கள் எங்கே விலகி நிற்பது என்பதும் அப்படித்தான். புகை வந்தால் காரைக் காப்பாற்ற யாரும் ஓடக் கூடாது. கார் போகட்டும்.

ஓட்டுநரும் குறிப்பேடும்

குளிர்சாதனம் இல்லாத சின்னக் கூட்டுக்குள், வெளியை விடச் சூடான இடத்தில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் ஓட்டுநர். 'தண்ணீர் குடித்தாயா?' என்று அரைமணிக்கொரு முறை கேட்க ஒருவரை வையுங்கள். ஓட்டுநரிடம் ரேடியோவில் பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். மூன்று பேர் மாறிமாறிப் பேசினால் முக்கியமானது காதில் விழாது.

மாணவர் அணிகளின் பெரிய பலவீனம், கற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் இல்லாததால் கார் நின்றது என்று தெரிந்தவர் அடுத்த போட்டிக்கு இருக்க மாட்டார். புது அணி அதே துளையை அதே மாதிரி அறுக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தக் கிலோமீட்டரில், என்ன, எவ்வளவு நிமிடம், எதனால். திரும்பிவந்தபின் எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும், ராத்திரி முகாமிலேயே எழுதிவிட வேண்டும்.

முகாம் என்றதும் இன்னொன்று. மாலை 5 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கேதான் இரவு. அதற்குப் பிறகும் சூரியன் இருக்கும்வரை பேனலைச் சாய்த்து சார்ஜ் செய்யலாம், காலையில் கிளம்பும்வரையும் செய்யலாம். அதனால் நாலரை மணிக்கே ஒரு வண்டியை முன்னால் அனுப்பி இடம் பார்க்கச் சொல்லுங்கள். பலர் மேற்கே திறந்த வெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கூடாரம் போட்டுவிடுகிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கிழக்கே மரவரிசை, ஏழு மணி வரை பேனல் மேல் நிழல்.