அரிதான கிரேக்கக் குடும்பப் பெயரின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிரேக்கக் குடும்பப் பெயர் ஒன்றை என்னிடம் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு என்ன பொருள்?" என்றுதான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். பொருளைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் உண்மையிலேயே அரிதானதா, எந்த ஊரில் வேர்விட்டது என்ற இரண்டையும் காகிதத்தில் நிறுவுங்கள். பொருளைப் பிறகு பார்க்கலாம். குடும்பச் சின்னம் என்று சொல்லிச் சட்டமிட்ட படத்தை விற்பவர்களுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். வெனிஸ் ஆண்ட தீவுகளின் சில பிரபு குடும்பங்களைத் தவிர, கிரேக்கர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இருந்ததே இல்லை.

பெயரை முதலில் கிரேக்க எழுத்துக்குத் திருப்புங்கள். அரிதானவை என்று என்னிடம் வந்த பெயர்களில் பல இந்தப் படியிலேயே சாதாரணப் பெயர்களாகிவிட்டன. கிரேக்கத்தில் 'இ' என்ற ஒரே ஒலியை ஈட்டா, யோட்டா, இப்சிலோன் என்று பல எழுத்துகளாலும், சில இரட்டை எழுத்துகளாலும் எழுதுகிறார்கள். ஹட்சிதாகிஸ் என்ற பெயரின் முதல் எழுத்தை ரோமன் எழுத்தில் ஒருவர் 'எச்' என்று எழுதுவார், இன்னொருவர் 'சி-எச்' என்று எழுதுவார். நடுவில் வரும் 'ட்சி'யை 'டி-இசட்' என்றும் எழுதுவார்கள், 'டி-ஜே' என்றும் எழுதுவார்கள். அண்ணன் தம்பி இருவர் இரண்டு நாடுகளில் குடியேறினால் பட்டியலில் இரண்டு 'அரிய' பெயர்கள் முளைத்துவிடும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கூடைப்பந்து வீரர் யான்னிஸின் பெயரைப் பாருங்கள். நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்த அவரது குடும்பப் பெயர் யொருபா மொழியில் அடெடோகுன்போ. கிரேக்கத்தில் 'ட' (டாக்டரில் வருவது), 'ப' (பஸ்ஸில் வருவது) ஆகிய ஒலிகளுக்குத் தனி எழுத்து இல்லை. 'நி-டாஃப்', 'மி-பி' என இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டும். அதை மறுபடி எழுத்துக்கு எழுத்து ரோமனுக்கு மாற்றியபோது மூலத்தில் இல்லாத ஓர் 'என்'னும் ஓர் 'எம்'மும் ஒட்டிக்கொண்டன. அவரது சட்டையில் இருக்கும் 'Antetokounmpo' என்ற நீண்ட பெயர் அப்படி வந்தது.

எண்ணிக்கை பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை வடிவில் இருக்கும். அண்ணன் பப்பாதோபுலோஸ், தங்கை பப்பாதோபூலூ. பெயர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பல இவற்றை இரு பெயர்களாக எண்ணுகின்றன. இரண்டையும் கூட்டாமல் 'இத்தனை பேர்தான்' என்று முடிவுகட்ட முடியாது. 1983இல் வந்த குடும்பச் சட்டத்துக்குப் பிறகு, திருமணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே சட்டப்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆவணங்களில் கணவர் பெயரில் இருக்கலாம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

அடுத்தது பெயரின் வால். வெறும் வாலை வைத்தே திசை சொல்லலாம். '-ஓபுலோஸ்' என்றால் தெற்கிலுள்ள பெலோபொன்னீஸ் தீபகற்பம், '-ஆகிஸ்' என்றால் கிரீட் தீவு, '-ஆட்டோஸ்' என்றால் கெஃபலோனியா தீவு, '-எல்லிஸ்' என்றால் லெஸ்போஸ் தீவு. பெலோபொன்னீஸின் தென்கோடியான மானி தீபகற்பத்தில் லாக்கோனியப் பக்கம் '-ஆகோஸ்', மெசீனியப் பக்கம் '-எயாஸ்'. கருங்கடல் கரையான பொந்தோஸிலிருந்து வந்தவர்களுக்கு '-இதிஸ்', அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) உட்பகுதியிலிருந்து வந்தவர்கள் பலருக்கு '-ஓக்லூ'. ஓபரா பாடகி மரியா காலஸின் இயற்பெயர் கலோகெரோபூலூ. அவரது தந்தையின் ஊர் பெலோபொன்னீஸில் உள்ள மெலிகலாஸ். விதி கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் அதே விதியை வைத்துக்கொண்டு எல் கிரேக்கோவிடம் போனால் மாட்டிக்கொள்வீர்கள். 1541இல் கிரீட்டில் பிறந்த அந்த ஓவியரின் பெயர் தெயோத்தோகோபுலோஸ். '-ஆகிஸ்' அந்தத் தீவில் பரவலானது வெகு காலம் கழித்து, உஸ்மானியர் ஆட்சியில்தான். 1988இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மைக்கேல் டுகாகிஸுக்கும் '-ஆகிஸ்' வால்தான். அவரது தந்தையோ சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) எட்ரெமிட்டில் பிறந்தவர், குடும்பம் எதிரே உள்ள லெஸ்போஸ் தீவைச் சேர்ந்தது. ஆகவே வால் என்பது எங்கே தேடத் தொடங்கலாம் என்ற குறிப்பு மட்டுமே. அதைச் சான்றாக எழுதிவைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

முன்னொட்டுகளில் அதிகம் சிக்குவதற்கு ஒன்றுமில்லை. 'பப்பா' என்றால் முன்னோரில் பாதிரியார் ஒருவர் இருந்தார். 'ஹட்சி' என்றால் ஜெருசலேம் யாத்திரை போனவர். துருக்கியிலிருந்து வந்த 'கரா' கறுப்பு. இவை கிரேக்க நாடு முழுவதும் கிடைக்கும், ஊரைக் காட்டாது.

இப்போது வரைபடம். தொலைபேசிப் புத்தகமோ வேறு பட்டியலோ, எது கிடைத்தாலும், அந்தப் பெயருள்ளவர்களை ஊர்வாரியாகக் குறித்துவிட்டு ஏதென்ஸையும் தெசலோனிக்கியையும் அழித்துவிடுங்கள். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதென்ஸைச் சுற்றியே வாழ்கிறார்கள். எல்லாப் பெயரும் அங்கே இருக்கும். எஞ்சிய புள்ளிகள் ஒரே தீவிலோ ஒரே பள்ளத்தாக்கிலோ திரண்டிருந்தால், ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். வடக்கே மக்கதோனியாவிலும் திரேஸிலும் சிதறிக் கிடந்தால் 1923ஐ நினையுங்கள். லோசானில் கையெழுத்தான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் பல கிராமங்களில் குடியமர்த்தப்பட்டதால் பெயரும் அப்படியே சிதறியது.

வசிக்கும் இடத்தைவிட நகராட்சிக் குடிப்பதிவு நம்பகமானது. ஏதென்ஸில் தலைமுறைகளாக வாழ்பவர்களும் பூர்வீகக் கிராமத்திலேயே பதிவை வைத்திருப்பதுண்டு. தேர்தலன்று வாக்களிக்க அங்கேதான் போவார்கள். அந்த நகராட்சியில்தான் ஆண்கள் பதிவேடு இருக்கும். படைக்கு ஆள் எடுப்பதற்காக வைத்த பதிவேடு என்பதால் பிறந்த ஆண்டும் தந்தை பெயரும் தவறாமல் கிடைக்கும், பெண்கள் இருக்க மாட்டார்கள். 2011இல் 'கலிக்ராட்டிஸ்' சீர்திருத்தம் 1,034 உள்ளாட்சிகளை 325ஆகச் சுருக்கியது. உங்கள் கிராமம் இப்போது எந்த நகராட்சியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். கிராமத்தின் பெயரே மாறியிருக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் துருக்கிய, ஸ்லாவியப் பெயர்கள் ஏராளமாக மாற்றப்பட்டன. இன்னும் பின்னால் போக, 1914இல் தொடங்கிய பொது அரசு ஆவணக் காப்பகம் 19ஆம் நூற்றாண்டு வாக்காளர் பட்டியல்களை இணையத்தில் தருகிறது. கிரேக்க எழுத்தில்தான் தேட வேண்டும்.

எங்கே தேடினாலும் தந்தை பெயரைச் சேர்த்தே தேடுங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஒரே காலத்தில் ஒரே ஊரில் ஒரே முதல் பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பது சாதாரணம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தந்தை பெயர்தான்.

குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிருந்தால், எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையை ஓரமாக வையுங்கள். புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய கப்பல் பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் வந்தவர்களே, பிற்பாடு. துணை அதிபராக இருந்த ஸ்பைரோ அக்னியூவின் தந்தை மெசீனியாவின் கர்கலியானியிலிருந்து வந்த அனக்னோஸ்தோபுலோஸ். அக்னியூ என்ற பெயரில் கப்பல் பட்டியலைப் புரட்டினால் அவர் அகப்பட மாட்டார்.

கடைசியாக, பொருள். அதற்கு முன் பட்டப்பெயரைக் கேளுங்கள். கிரேக்கர்கள் அதைப் 'பராட்சூக்லி' என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் இருந்தால் பட்டப்பெயர்தான் அடையாளம். அது சில சமயம் பதிவேட்டுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிடும். 1821 விடுதலைப் போரின் தளபதி கொலோகோட்ரோனிஸின் குடும்பம் முன்பு வேறு பெயர் கொண்டது. முன்னோர் ஒருவருடைய பின்புறம் கல் போல இருக்கிறது என்று ஓர் ஆர்வனிட்டர் (கிரேக்கத்தில் வாழும் அல்பேனிய மொழிச் சமூகத்தவர்) தன் மொழியில் சொன்ன கேலிதான் கிரேக்கத்தில் வீரப் பெயராக நிலைத்தது. எனவே உங்கள் பெயர் பதிவேட்டில் ஏதோ ஒரு தலைமுறையில் திடீரென்று நின்றுவிட்டால், அதே ஊரில், அதே தந்தை பெயரோடு, அதே வயதில், வேறு குடும்பப் பெயரில் யார் இருக்கிறார் என்று முந்தைய பக்கங்களில் தேடுங்கள்.