போர்க்காலத்தில் கிதாபுகளைப் பெட்டி கட்டும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் நன்னாவின் (தாத்தாவின்) தகர டிரங்குப் பெட்டி ஒன்றும், அதனுள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், கையால் எழுதிய சில கிதாபுகளும் (நூல்களும்) உள்ளன. 2012இல் மாலி நாட்டின் திம்புக்துவை ஆயுதக் குழுக்கள் கைப்பற்றியபோது, அவ்வூர் நூலகர் அப்துல் காதர் ஹைதாராவும் தோழர்களும் இலட்சக்கணக்கான சுவடிகளை இத்தகைய பெட்டிகளில்தான் அடைத்து, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்கு மறைவாகக் கொண்டுசென்றனர். அந்த வேலையைப் புதியவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் பட்டியல். ஒவ்வொரு கிதாபுக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், முதல் வரி, ஏடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியை வேறு ஊரில் வையுங்கள். எண்ணைக் கிதாபின்மேல் எழுதாமல், துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் படமெடுங்கள்.

அடுத்தது பொதிதல், அவசரம் கூடாத இடம் இதுவே. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டியபின், பழைய இஸ்லாமிய நூற்கட்டுகளில் பின்னட்டையிலிருந்து நாக்குபோல் நீளும் மடிப்பை முன்னட்டைக்கு அடியில் செருகி, கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். உதிரி ஏடுகளை இரு அட்டைகளுக்கு நடுவே வைத்து நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பெரியவை அடியிலும் சிறியவை மேலுமாகப் படுக்கவைத்து, இடைவெளியை வெள்ளைத் தாளால் நிரப்புங்கள். நான் ஒருமுறை செய்தித்தாளைத் திணித்து, அதன் மை துணியில் ஏறிய பிறகே புத்தி வந்தது. பெட்டியை ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவேண்டும். முடியாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள்.

பின்னர் பிரித்து வைத்தல். போஸ்னியப் போரில், 1992 மே 17 அன்று, தலைநகர் சரயேவோவின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்தபோது, ஒரே கட்டடத்தில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் அழிந்தன. அதே நகரின் காஸி ஹுஸ்ரெவ் பெக் நூலகத்தார் தம் சுவடிகளை வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் இடம்மாற்றிக்கொண்டே இருந்ததால் அவை பிழைத்தன. எனவே பல வீடுகளில் வையுங்கள். பெட்டியின் வெளியே எண்ணைத் தவிர எதையும் எழுதாதீர்கள். போரில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை தரும் நீல வெள்ளைக் கேடயச் சின்னம் சட்டத்தை மதிக்கும் படைகளைத் தடுக்கலாம்; சுவடியையே தேடி எரிப்பவனுக்கு அது வழிகாட்டிப் பலகைதான் என்பது என் கருத்து.

சேர்ந்த இடத்தில் ஈரத்தைக் கவனியுங்கள். வறண்ட திம்புக்துவிலிருந்து வந்த ஏடுகளுக்குப் பமாக்கோவின் ஈரக்காற்றே புதிய ஆபத்தானது. நம் ஊரிலோ ஆண்டு முழுதும் அந்தக் காற்றுதான். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். செங்கல்மேல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் பெட்டியை வைத்து, மாதம் ஒருமுறை மழையில்லாத காலையில் திறந்து கறையான் மண் தெரிகிறதா என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.