குமரி ரோட்டுக்கு ஒரு சைக்கிளை நாமே கோர்ப்பது எப்படி

பணம் மிச்சம் என்ற கணக்கோடு இதில் இறங்க வேண்டாம். பிரேம், வீல், கிராங்க் (பெடல் மாட்டும் கை), பிரேக் என்று தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால், அதே தரத்தில் கடையில் நிற்கும் முழு சைக்கிளைவிடக் கூடுதலாகத்தான் வரும். வீட்டில் பழைய பிரேமோ நல்ல வீலோ கிடந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். நாமே கோர்ப்பதில் கிடைக்கும் லாபம் வேறு: குளச்சல் உப்புக்காற்று, ஆரல்வாய்மொழிக் காற்று, தக்கலை தாண்டியதும் தொடங்கும் ஏற்ற இறக்கம், வருசத்துக்கு இரண்டு மழை என எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பொருளை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் பிரேம். சுவரோடு ஒட்டி நின்று, கால் இடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்கவும். அதை 0.66-ஆல் பெருக்கினால் நேர்பார் பிரேமின் அளவு ஏறக்குறைய வரும். 80 செ.மீ. கால் என்றால் 53 செ.மீ. பிரேம்.

பழைய பிரேம் வாங்கப் போகும்போது வெர்னியர் காலிப்பரும் ஒரு நூல்கண்டும் கையில் இருக்கட்டும். பின் அச்சு உட்காரும் வலது பிளவில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயை (ஃபோர்க் நுழையும் பிரேமின் முன்குழாய்) சுற்றிக் கொண்டுவந்து இடது பிளவில் கட்டி இழுக்கவும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணல். விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். ஹேண்டில் குழாயின் அடியிலும் பெடல் அச்சுக் கூட்டின் (கிராங்க் சுழலும் அச்சு உட்காரும் குழாய்) வெல்டிங்கிலும் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் அது பெயின்ட் வெடிப்பல்ல, விரிசல்.

பிரேம் ஓகே என்றால் நான்கு அளவுகளை எழுதிக்கொள்ளவும்: பின் பிளவுகளின் இடைவெளி (எம்.டி.பி., அதாவது மலைச் சைக்கிள் என்றால் பொதுவாக 135, ரோடு பைக் என்றால் 130 மி.மீ.), பெடல் அச்சுக் கூட்டின் அகலம் (68 அல்லது 73), சீட் குழாயின் உள்விட்டம், ஹேண்டில் குழாயின் உள்விட்டம். சீட் போஸ்ட் 0.2 மி.மீ. குறைந்தாலும் வழுக்கி இறங்கும். பின் இடைவெளி 4 மி.மீ. குறைவாக இருந்தால் ஸ்டீல் பிரேமை விரித்து வீலை நுழைக்கலாம். அலுமினியத்தில் அந்த வேலையே கூடாது.

டயர் அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய ஊர் சைக்கிளின் 28 x 1½ ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; ரோடு பைக்கில் வரும் 700சி-க்கு 622. இரண்டையுமே 28 இஞ்ச் என்று சொல்லி எடுத்துத் தருவார்கள். 26-இலும் அதே கதை: 26 x 1⅜ என்றால் 590, எம்.டி.பி. 26 என்றால் 559. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணை மட்டும் நம்பவும்.

ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மார்த்தாண்டம் பக்கத்து இறக்கத்தில் அது விளையாட்டல்ல. 36 துளை, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போகும்), ஸ்டெயின்லெஸ் போக்ஸ் கம்பி. பெண்ட் எடுக்கும்போது நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். முடித்ததும் அடுத்தடுத்த கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி நெரிக்கவும். இதைச் செய்யாத வீல்தான் முதல் வாரமே ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டுக் கோணும்.

கியர்: முன்னால் 38 பல், பின்னால் 14–34 ஏழு அடுக்கு பிரீவீல் (பின் பல்சக்கரத் தொகுப்பு) போதும். 700சி வீலில், நீளமான கியரில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 5.8 மீட்டர், சின்னதில் 2.4 மீட்டர் போகும். 44–18 போட்ட ஊர் சைக்கிள் ஒரே கணக்காக 5.4 மீட்டர். அந்த 2.4 பேச்சிப்பாறை ஏற்றத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காலத்தில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது சமதரையிலேயே சின்ன கியர் தேடுவீர்கள். பிரேமில் கியர் மாட்டும் காது இல்லையென்றால், அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் கொக்கிப் பட்டை உள்ள டீரெயிலர் (செயினைப் பல் மாற்றும் கருவி) வாங்கவும். 34 பல்லுக்கு நீளக்கை டீரெயிலர்தான் சரிப்படும்.

கோர்க்கும் வரிசை: பெடல் அச்சு, ஹெட்செட் (ஹேண்டில் குழாயில் உட்காரும் பேரிங்), ஃபோர்க், வீல், கிராங்க், சீட், ஹேண்டில், பிரேக், செயின், கடைசியில் கேபிள். மரை இருக்கும் இடமெல்லாம் கிரீஸ். வலது பக்கப் பெடல் அச்சுக் கப்புக்கும் (அச்சைக் கூட்டில் பிடிக்கும் மரை வளையம்) இடது பெடலுக்கும் எதிர் மரை. குழம்பாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து முன்வீல் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்வீல் பக்கம் தள்ளினால் இரண்டு கப்பும் இறுகும். முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்றவும். கையால் ஏறாத மரையை ஸ்பேனரால் ஏற்றினால் அலுமினியக் கிராங்க் அதோடு போச்சு. மழை ஊருக்கு உதிரிக் குண்டு போடும் பழைய அச்சைவிட சீல் செய்த கார்ட்ரிட்ஜ் அச்சு நல்லது.

செயினை டீரெயிலரில் விடாமல், முன் பல்சக்கரத்தையும் பின்னால் பெரிய பல்லையும் சுற்றிப் பிடித்து, சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டவும். வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் நீளக் கைகளால் பிடிக்கும் பிரேக்) என்றால் லீவரும் வி-பிரேக்குக்கு உரியதே வேண்டும். ரோடு பைக் லீவர் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும். லீவர் மெத்தென்று ஹேண்டில் வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

சீட் உயரம்: கால் அளவை 0.88-ஆல் பெருக்கி, பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல் வரை.

ஸ்டீல் பிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் போட்டால், உப்புக் காற்றில் இரண்டும் சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முட்டம், மணவாளக்குறிச்சி போல கடலோரத்தில் இருந்தால் மாதம் ஒரு முறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடவும். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைபடாமல் இருக்கட்டும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒரு மழைக்குக் கழுவிப் போய்விடும்.

முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் கிராங்க் போல்ட்டை மறுபடி இறுக்கவும். லேசாக ஆடும் கிராங்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை வட்டமாகிவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. வீலை 100 கிலோமீட்டரில் ஒரு தடவை பெண்ட் பார்க்கவும். அதுவரைக்கும் குலசேகரம் பக்கத்து இறக்கங்களில் வேகமாக விட வேண்டாம்.