பழைய தேக்கு சோபாவைக் குறைந்த செலவில் வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு தச்சரை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த தேக்கு சோபா செட் தமிழ்நாட்டில் பல வீடுகளின் கூடத்தில் இன்னும் இருக்கிறது. பாலிஷ் மங்கி, கைப்பிடி ஆடி, இருக்கை குழிந்துபோன நிலையில் அதை எடைக்குப் போடலாமா என்று யோசிப்பவர்கள், அதைப் புதுப்பிக்க ஆகும் பணத்தில் இன்று கிடைப்பது பெரும்பாலும் மரத்தூள் பலகையில் செய்து மேலே துணி போர்த்திய பொருள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கு இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டிய வேலைகளில் அதிகக் கவனம் பெற வேண்டியவை மூட்டுகளும் இருக்கையும்தான். பளபளப்பு அவற்றுக்குப் பின்னரே வரும்.

முதலில் சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால், மரத்தைத் துளைக்கும் வண்டு இருக்கிறது என்று பொருள். வைரம் பாய்ந்த பகுதியை விட்டுவிட்டு வெளிர் நிறமான ஓர மரத்தைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும் என்பதால், வண்டுக்கென விற்கும் மருந்தைக் கையுறை அணிந்து ஊசிக்குழாயால் துளைகளில் செலுத்தினால் போதும். திருப்புளி முனையால் குத்தும்போது மரம் பொலபொலவென்று உதிர்ந்தால் அந்தக் கட்டையையே மாற்ற வேண்டும். அதற்குத் தச்சரின் உதவி தேவை.

ஆடும் மூட்டுக்கு ஆணி அடிப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பெரிய பிழை. ஒரு கட்டையின் கழுந்து (செருகுவதற்காகச் செதுக்கிய முனை) இன்னொன்றின் துளைக்குள் பசையால் பிடித்து நிற்கும்படி செய்த மூட்டில் ஆணி இறங்கினால், கழுந்து பிளந்து, பிறகு எந்தப் பசையும் பிடிக்காமல் போய்விடும். தளர்ந்த மூட்டை, துணி சுற்றிய சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றி, உள்ளே கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும்; பழைய பசையின் மேல் புதிய மரப்பசை ஒட்டாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், தின்னர் நனைத்த துணியால் இரு பரப்பையும் துடைத்து, அது காய்ந்ததும் ஃபெவிகால் தடவிச் சேருங்கள். இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாவிட்டாலும் கவலையில்லை. சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இழுத்துச் சுற்றலாம். அல்லது கயிற்றை வளையமாகக் கட்டி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கலாம். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அப்போதே அளந்து, இரண்டும் சமமாக இருக்கும்படி சரிசெய்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும்.

பாலிஷுக்கு வரும்போது, எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சில துளி சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நன்கு பிழிந்து துடைத்தாலே, பல ஆண்டுகளின் கைப்பிசுக்கு நீங்கி மரத்தின் ரேகை தெளிவாகத் தெரியும். பிறகு கண்ணில் படாத ஓர் இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் அது பழைய அரக்கு பாலிஷ். அதன் மேலேயே புதிய அரக்கைப் பூசலாம், தேய்க்கும் உழைப்பு பெரும்பாலும் மிச்சமாகும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் கரைந்தால், அது லாக்கர் என்னும் வேறு வகைப் பூச்சு.

தேய்க்க வேண்டியிருந்தால் உப்புத்தாளில் 80, 120, 220 என்று படிப்படியாகச் செல்லுங்கள். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே விழும் கீறல் பாலிஷ் ஏறியதும் எடுப்பாகத் தெரியும். மரத்தின் மேல் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், நீர்த்தாளால் ஈரமாகத் தேய்த்து, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாமல், முகக்கவசத்துடன் வேலை செய்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நல்ல தேக்கின் மேல் மீண்டும் பெயிண்ட் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலேயே செய்வதற்கு மிக ஏற்றது அரக்கு பாலிஷ். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 150 கிராம் அரக்குச் செதில் என்ற அளவில் ஊறவைத்து, இரவு முழுவதும் கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நாள்பட்ட கரைசல் சரியாகக் காயாது என்பதால் தேவைக்கு மட்டும் கரைக்க வேண்டும். பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, லேசாக நனைத்து, ஒரே திசையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் மீண்டும் மீண்டும் தேய்த்தால் கீழ்ப்பூச்சு கரைந்து இழுபடும். தடிப்பாக இரண்டு முறை பூசுவதைவிட மெல்லியதாக ஆறு, ஏழு முறை பூசுவதே அழகு. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி வெண்மை படரும். தை முதல் வைகாசி வரையிலான உலர்ந்த நாட்களே தகுந்தவை. ஸ்பிரிட், தின்னர் இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை, ஆவியும் நல்லதன்று; மொட்டை மாடி நிழலோ திறந்த வராந்தாவோ இதற்குச் சரியான இடம்.

டீப்பாயின் மேற்பலகைக்கு மட்டும் அரக்கு வேண்டாம். சூடான காபி டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழும். சாதாரண அரக்கில் உள்ள மெழுகின் மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது என்பதால், அந்தப் பலகையை வெறும் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு அந்த வார்னிஷை அடியுங்கள்.

பிரம்பு பின்னிய இருக்கை அறுபடாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. சட்டத்தில் நீர் படாமல், பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்கு நனைத்து உலர விட்டால், காயும்போது பிரம்பு சுருங்கி மீண்டும் இறுகும். மெத்தை இருக்கையானால், மொத்தச் செலவில் பெரும்பங்கு ஃபோமுக்குத்தான் போகும். அதில் சிக்கனம் பார்ப்பது வீண். தினமும் உட்காரும் இருக்கைக்கு 40 டென்சிட்டியும் எப்போதாவது பயன்படுவதற்கு 32 டென்சிட்டியும் கேட்டு வாங்குங்கள்.

உறைத் துணியின் கணக்கு பலரைக் குழப்புகிறது. 20 அங்குலச் சதுரமும் 4 அங்குலத் தடிமனும் உள்ள ஐந்து இருக்கைகளை எடுத்துக்கொள்வோம். தையலுக்குச் சேர்த்து 21 அங்குலமாக வெட்டினால், 54 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு மேலும் கீழுமாக இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஐந்து வரிசைக்கு 105 அங்குலம். பக்கவாட்டில் மிஞ்சும் 12 அங்குலத்தில் ஓரப்பட்டிகளில் பாதி வந்துவிடும், மீதிக்கு இன்னும் 20 அங்குலம் வேண்டும். ஜிப்புக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 4 மீட்டர் வாங்கினால் போதுமானது. பருத்தியானால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள்.

பாலிஷ் முடிந்த மரத்தின் மேல் உடனே மெத்தையைப் போடாமல், நான்கைந்து நாட்கள் இறுக விடுங்கள். அதற்கிடையில் கால்களின் அடிப்பகுதிக்கும் மறவாமல் பாலிஷ் ஏற்றி, ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள். தினமும் தரை துடைக்கும் நீரை மரம் உறிஞ்சுவது அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான். கால்கள் முதலில் கறுத்து உளுத்துப்போவதற்கும் அதுவே காரணம்.