லசைன் சோதனைக்குச் சோடியம்: மிளகளவு போதும்

கரிமச் சேர்மத்தில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க நேரடியாகச் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால் பெரும்பாலும் வீழ்படிவு வராது. அங்கே குளோரின் கார்பனோடு சகப்பிணைப்பில் இறுகியிருக்கிறது, அயனியாக இல்லை. உருகிய சோடியம் அந்தப் பிணைப்பை உடைக்கிறது. நைட்ரஜன் கார்பனோடு சேர்ந்து சயனைடாகவும், கந்தகம் சல்பைடாகவும், குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஹேலஜன்கள் ஹேலைடாகவும் நீரில் கரையும் உப்புகளாகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லசைன் 1843-இல் தந்த முறை இது. இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது. இதில் நடக்கும் விபத்துகளுக்கும் தவறான முடிவுகளுக்கும் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: ஈரம், அளவுக்கு மீறிய சோடியம்.

சோடியம் கத்தியால் வெட்டுமளவுக்கு மென்மையான உலோகம். சுமார் 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீரைவிட லேசானது, மண்ணெண்ணெயைவிடக் கனமானது. அதனால்தான் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் காற்றுபடாமல் கிடக்கிறது. தண்ணீரில் விழுந்தால் வினையின் வெப்பத்திலேயே உருகி, உருண்டையாக மேற்பரப்பில் ஓடும். ஓட முடியாமல் ஈரத்தாளில் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வெப்பம் அங்கேயே தேங்கி, வெளிவரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். ஒரு கிராம் சோடியம் ஏறத்தாழ அரை லிட்டர் ஹைட்ரஜனைத் தரும். நனைந்த மேசை ஒரு பீக்கர் தண்ணீரைவிட ஆபத்தாவது இதனால்தான்.

பல ரெக்கார்டு நோட்டுகளில் 'பட்டாணி அளவு சோடியம்' என்று எழுதியிருக்கும். அது மிக அதிகம். மிளகளவு, அதாவது 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டி போதும்; எடை சுமார் 60 மில்லிகிராம். பாட்டிலிலிருந்து உலர்ந்த இடுக்கியால் எடுங்கள். விரலால் தொட வேண்டாம், உள்ளங்கை வியர்வையே போதும் சுடுவதற்கு. உலர்ந்த வடிதாளில் மண்ணெண்ணெயை ஒற்றி, மேலே படிந்த வெளுத்த மேலோட்டைச் சீவிவிட்டு, உள்ளே பளபளக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஒட்டியிருந்தால் சூடாக்கும்போது புகைந்து கரி படியும். சீவல்களை உடனே பாட்டிலுக்குள் திருப்பிப் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

உருக்கும் குழாய் உள்ளே நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். சோடியத்தைப் போட்டு, அது பாதரசத்துளி போல உருண்டு மின்னும்வரை மெல்லச் சூடாக்குங்கள். சுடரிலிருந்து விலக்கி, சோதிக்க வேண்டிய பொருளை ஒரு சிட்டிகை, திரவமானால் இரண்டு மூன்று சொட்டு, நேராகச் சோடியத்தின் மேல் விழும்படி சேருங்கள். மீண்டும் மெதுவாகத் தொடங்கி, பிறகு குழாயின் அடி செக்கச்சிவக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். எளிதில் ஆவியாகும் திரவம் வினைபுரியும் முன்பே பறந்துவிடும். 'நைட்ரஜன் இல்லை' என்று தவறாக எழுத இதுவே பொதுவான காரணம். டயசோனியம் உப்புகளிலும் இதே சிக்கல், நைட்ரஜன் வாயுவாகவே தப்பிவிடும்.

செஞ்சூட்டோடு குழாயைப் பீங்கான் கிண்ணத்திலுள்ள 10 முதல் 15 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தி, உடனே கம்பி வலையால் மூடுங்கள். மிஞ்சிய சோடியம் தண்ணீரைச் சந்திப்பது இங்கேதான். கண்ணாடிச் சில்லு தெறிக்கும். பட்டாணியளவு போட்டவருக்குத் தீச்சுவாலையும் வரும். உடைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டினால் கிடைக்கும் வடிநீர் நிறமற்றதாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் சோடியத்தோடு உருக்கியது முழுமையாகவில்லை. திரும்பச் செய்வதே நல்லது.

இனி வடிநீரைப் பிரித்துச் சோதிக்கலாம். நைட்ரஜனுக்குப் புதிதாகக் கரைத்த பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்தால் பிரஷ்ய நீலம் என்ற அடர்நீல நிறம் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்ரிக் குளோரைடின் மஞ்சள் கலந்து நீலம் பச்சையாகத் தெரியும். கந்தகத்துக்குச் சோடியம் நைட்ரோபுருசைடு, ஊதா நிறம். ஹேலஜனுக்குச் சில்வர் நைட்ரேட் சேர்க்கும் முன் நைட்ரிக் அமிலத்தோடு நன்றாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். இல்லையெனில் சில்வர் சயனைடு வெள்ளையாகப் படிந்து குளோரைடு போல ஏமாற்றும். அப்படி அமிலத்தோடு கொதிக்கும்போது வெளியேறுவது ஹைட்ரஜன் சயனைடும் ஹைட்ரஜன் சல்பைடும், இரண்டும் நச்சு வாயுக்கள். ஆகவே புகைப்பெட்டிக்குள் மட்டுமே செய்யுங்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம்.

குளோரோபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு, நைட்ரோ ஆல்கேன்கள், அசைடுகள் ஆகியவற்றை ஒருபோதும் சோடியத்தோடு சூடாக்காதீர்கள், வெடிக்கும். அடையாளம் தெரியாத பொருளென்றால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தீப்பிடித்தால் உலர்ந்த மணல். தண்ணீர், கார்பன் டைஆக்சைடு அணைப்பான், நுரை எதுவும் கூடாது. தோலில் ஒட்டினால் துணுக்கை முதலில் உலர்ந்த இடுக்கியால் அகற்றிவிட்டு, அதன் பிறகே ஓடும் தண்ணீரில் நீண்டநேரம் காட்டி, மருத்துவரிடம் போங்கள்.

சோடியம் துடைத்த வடிதாளைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். உள்ளே ஈரம் பட்டு, எல்லோரும் போனபின் பற்றிக்கொள்ளும். தாளையும் பயன்படாத துணுக்குகளையும் சுடரில்லாத இடத்தில், புகைப்பெட்டிக்குள், அகன்ற பீக்கரிலுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூடி வேண்டாம். குமிழி முழுதும் நின்று, துணுக்கு ஏதும் மிஞ்சவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் சேர்க்கலாம்.