செட்டிநாட்டு வீட்டில் ஒரு கறுப்பு நகைச்சுவை ராப்: எழுதுவதும் பதிவதும்

முதலில் பாடுகிறவன் யார் என்று முடிவு செய்யுங்கள். அது நீங்களாக இருக்கக் கூடாது. அமெரிக்க ராப் பாடகர் எமினெமைத் தூக்கிவிட்ட 1999-ம் வருஷத்து ஆல்பம் 'தி ஸ்லிம் ஷேடி எல்பி'. சொல்லக் கூசுவதையெல்லாம் அதில் ஷேடி என்ற வேஷம்தான் சொல்லும். காரைக்குடிப் பக்கம் வேஷத்துக்கா பஞ்சம்? பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டுக் காவல்காரன் ஒருவன் போதும். கேலி பங்காளிகள் மேல் விழட்டும், அவன் மேலும் விழட்டும். இளைத்தவனைச் சீண்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வேகம் 90 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 90 பீட். நாலு பீட் ஒரு பார்; 16 பார் எழுதினால் சுமார் 43 வினாடி வரும். இங்கே எல்லாரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'வர்றான், போறான், சாகுறான்' என்று இயைபு சும்மாவே கிடைக்கும். நாலாவது வரியில் கேட்கிறவர் தூங்கிவிடுவார். பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள்:

பூட்டு ஒண்ணு, சாவி ஏழு, சாவிக்கேழு பங்காளி
வீட்டுக்காரர் செத்தன்னைக்கு வந்ததெல்லாம் நாற்காலி

தொடக்கத்தில் எதுகை, முடிவில் இயைபு. ளி, லி வித்தியாசத்தைக் காது மன்னித்துவிடும். சிரிப்பு 'நாற்காலி'யில் இருக்கிறது. அதற்கு அரை பீட் முன்னால் இசையை நிறுத்தி, அந்தச் சொல்லைத் தனியாக விடுங்கள். பாடுகிறவர் மட்டும் சிரிக்கவே கூடாது. துக்கம் விசாரிக்கிற குரல்தான் சரி.

பதிவுக்குப் பட்டாலை என்கிற பெரிய கூடம் வேண்டாம். கீழே ஆத்தங்குடி டைல்ஸ், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புச் சுவர். எங்கே பேசினாலும் குரல் திரும்பி வரும். அந்த எதிரொலியில் கடைசிச் சொல் குழம்பினால் நகைச்சுவை செத்தது. பதிவில் ஏறிய எதிரொலியைப் பிறகு சுத்தமாக எடுக்கவும் முடியாது. சாமான் அடைத்து வைத்திருக்கும் சின்ன அறையே நல்லது. பாடுகிறவருக்குப் பின்னால் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் என்பதால் மைக்குக்குப் பின்னால் வைத்தால் பலன் குறைவு. வாய்க்கும் மைக்குக்கும் 15 செ.மீ. இடைவெளி, நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். 'ப' வெடித்தால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். உரத்த சொல்லும் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஃபேனை அணைத்துவிட்டு, வளவில், அதாவது நடு முற்றத்தில், காக்கா அடங்கியபின் தொடங்குங்கள்.

மிக்ஸிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டி, உரத்த சத்தத்தை அடக்கும் கம்ப்ரெஸரை 4:1-ல் வைத்து, 4 டெசிபல் அளவுக்கு அடக்கினால் போதும். இயைபுச் சொற்களை இன்னொரு முறை பாடி மேலே சேர்த்து இரட்டைக் குரல் கொடுக்கலாம். சிரிப்புச் சொல்லுக்கு மட்டும் கூடாது, கூர் மழுங்கிவிடும்.

பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்தால் அனுமதி முதலில். எமினெமின் 'மை நேம் இஸ்' பாட்டுக்குத் தன் இசையைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, சில வரிகளை மாற்றினால்தான் தருவேன் என்று நின்றார் பிரிட்டிஷ் பாடகர் லாபி சிஃப்ரி, மாற்றித்தான் வெளியிட்டார்கள். ஊரில் ஒப்பாரி பாடும் அம்மாவின் குரலைச் சேர்ப்பதானாலும் இதே முறைதான்: எதற்கு என்று சொல்லி, பணம் பேசி, பதிவுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.